பழைய சர்வரைத் தூக்குவதா, விட்டுவைப்பதா? கட்டடம் மாறும்போது எடுக்க வேண்டிய முடிவு

“தம்பி, ஞாயித்துக்கிழமை ஆள் வெச்சு எறக்கி, அங்க கொண்டுபோய் மாட்டிட்டா முடிஞ்சுதுல்ல?” என்று கேட்டார் மருந்துக் கடை முதலாளி. லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், முதல் மாடியில் இருந்த அவருடைய மொத்த வியாபாரக் கடை இந்த ஆவணியில் சத்துவாச்சாரியில் கட்டிய சொந்த இடத்துக்கு மாறியது. ஐந்தாறு கிலோமீட்டர் தூரம்தான். பீரோ, ரேக், மேஜைக்கெல்லாம் அவர் சொன்ன வழி போதும். 2012-இல் வாங்கிய சர்வருக்குப் போதாது என்றேன். அன்று ஆரம்பித்த பேச்சு மூன்று வாரம் ஓடியது. அப்போது நாங்கள் எடைபோட்டுப் பார்த்த வழிகளை இங்கே எழுதுகிறேன். ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ இதே மாதிரி ஒரு பழைய மெஷினை வைத்துக்கொண்டு இடம் மாறப்போகிறவருக்கு இது உதவினால் எனக்கு அதுவே சந்தோஷம்.

முதலில் அந்த மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான்கு ஹார்ட் டிஸ்க், ஒன்று கெட்டாலும் டேட்டா போகாதபடி அவற்றைச் சேர்த்துக் கட்டிய ரெய்டு 5 அமைப்பு, அதன்மேல் விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2, அதற்குள் எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் ஓடும் பில்லிங் சாஃப்ட்வேர். மொத்த டேட்டா 500 ஜிபி வரும். பதினோரு கணினிகள் அதை நம்பி இருந்தன. எந்த மருந்து எந்த பேட்ச், எப்போது காலாவதி ஆகிறது, எந்த மெடிக்கல் ஷாப் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறது என்பதெல்லாம் அதற்குள்தான். முன்பக்கத்தில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வைத்த சந்தனமும் குங்குமமும் படிந்திருந்தன. “இத்தனை வருஷம் சோறு போட்ட மெஷின்பா” என்று முதலாளி அதைத் தொட்டுச் சொன்னபோது எனக்கும் அதன்மேல் ஒரு மரியாதை வந்தது.

ஆறிய பிறகு வரும் ஆபத்து

வண்டிக் குலுக்கலில்தான் சர்வர் கெடும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை பழைய சர்வர் கெடுவது பெரும்பாலும் அணைத்து, ஆறி, மறுபடி ஆன் செய்யும் நேரத்தில். வருஷக்கணக்காக இரவும் பகலும் சுற்றிக்கொண்டிருந்த டிஸ்க் ஒரு சூட்டுக்குப் பழகிப்போயிருக்கும். நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றும் மோட்டார், ஓடிக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் மின்சாரம்தான் இழுக்கும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். அதே நொடியில் பவர் சப்ளைக்குள் இருக்கும் மின்தேக்கிகளுக்கும் சோதனை. வேலூர் வெயிலில் இத்தனை வருஷம் சூடேறி உள்ளே உலர்ந்துபோன மின்தேக்கி, ஓட்டத்தைத் தாங்கும். கிளம்பும் பாரத்தைத் தாங்காமல் போகலாம்.

பயணத்தைப் பொறுத்தவரை, அணைத்த டிஸ்க் நாம் நினைப்பதைவிடக் கெட்டி. ஓடும்போது படிக்கும் முனை தட்டுக்குமேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அந்த நேரத்தில் ஒரு இடி விழுந்தால் கீறல்தான். அணைத்தவுடன் முனை ஓரமாக ஒதுங்கிவிடுகிறது; அப்போது அது தாங்கும் அதிர்ச்சி ஓடும்போது தாங்குவதைப்போல் பல மடங்கு. அதனால் வேகத்தடையைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை. சுவிட்சைப் பார்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் செல். கைக்கடிகார செல் மாதிரி இருக்கும், விலை ஐம்பது ரூபாய்க்குள். கரண்ட் வந்துகொண்டிருக்கும்வரை அது செத்திருப்பதே தெரியாது. பிளக்கைப் பிடுங்கியதும் மெஷின் கிளம்பத் தேவையான பயாஸ் அமைப்புகள் மறந்துபோகும், தேதி பல வருஷம் பின்னால் போய்விடும், டிஸ்க் எந்த முறையில் இணைந்திருந்தது என்பதுகூட மாறிவிடலாம். பிறகு ஆன் செய்தால் விண்டோஸ் வராது. டேட்டா எல்லாம் போய்விட்டது என்று கடையே அழும். உண்மையில் போனது ஒரு செல்.

இதையெல்லாம் நான் கற்றது ஒரு கசப்பான நாளில். சில வருஷங்களுக்கு முன் ஆம்பூர் பக்கம் ஷூ பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி இடம் மாறியது. சனிக்கிழமை மாலை சர்வரை அணைக்கச் சொன்னது நான்தான். குட்டி யானையில் ஏற்றி, ஞாயிறு காலை புது இடத்தில் மாட்டினோம். நான்கு டிஸ்க்கில் இரண்டு எழவில்லை. ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் போனால் சமாளிக்கலாம். இரண்டு போனால் மொத்தமும் போனது. பேக்கப் இருந்தது. ஆனால் அதைத் திறந்து பார்த்தவர் யாரும் இல்லை, நானும் பார்க்கவில்லை. கடைசியாகச் சரியாக இருந்த பிரதி மூன்று மாதம் பழையது. அங்கே கணக்கு எழுதிய இரண்டு பெண்கள் காகித பில்களைப் பார்த்து ராத்திரி பகலாக மூன்று வாரம் மறுபடி அடித்தார்கள். அந்த மூன்று வாரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

தூக்கிக்கொண்டு போவது

சரி, இப்போது வழிகளுக்கு வருகிறேன். முதலாளி சொன்னது முதல் வழி: நிறுத்து, எடு, வை. செலவு மிகக் குறைவு. சாஃப்ட்வேரில் எதையும் தொட வேண்டாம். பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுத்தவர் தொழிலை விட்டே போயிருந்தால், அல்லது யுஎஸ்பி பூட்டு போட்ட, அதாவது ஒரு சின்ன யுஎஸ்பி சாவியைச் செருகினால்தான் ஓடும், பழைய சாஃப்ட்வேராக இருந்தால், இந்த வழி ஒன்றுதான் உடனடியாகக் கையில் இருக்கும். அதனால் இதைக் கேவலமாக நினைக்கக் கூடாது. ஆனால் இதைச் செய்கிறவர் நான்கு வேலைகளை முன்னதாகச் செய்தே ஆக வேண்டும்.

பேக்கப் எடுத்து, அதை வேறொரு கணினியில் விரித்து, பில்லிங் சாஃப்ட்வேரில் போன மாதத்து பில் ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தக் காலத்து சர்வரில் இருப்பது பெரும்பாலும் யுஎஸ்பி 2.0. நொடிக்கு 30 எம்பி வேகத்தில் 500 ஜிபி போக நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிகாபிட் நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினிக்கு எடுத்தால், டிஸ்க் ஒத்துழைத்தால், ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் முடியும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு இந்தக் கணக்கைப் போட ஆரம்பிக்கக் கூடாது.

அடுத்தது, நான் மிக முக்கியமாக நினைப்பது: பேக்கப் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு, பழைய இடத்திலேயே சர்வரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, இரண்டு மூன்று மணி நேரம் நன்றாக ஆறவிட்டு மறுபடி ஆன் செய்து பார்ப்பது. வெறும் ரீஸ்டார்ட் போதாது. டிஸ்க் அப்போது நிற்பதே இல்லை. எழாமல் போக வேண்டுமென்றால் அது இங்கேயே நடக்கட்டும். வயர்கள் இருந்த இடத்தில் இருக்கும், கடை ஆட்கள் பக்கத்தில் இருப்பார்கள், ஒரு பழைய டிஸ்க்கோ பவர் சப்ளையோ வேண்டுமென்றால் காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி தெருவில் தேடிவிட்டு அன்றைக்கே திரும்பலாம். புதுக் கட்டடத்தில் நடந்தால் வயர் தப்பா, கரண்ட் தப்பா, டிஸ்க் தப்பா என்று கண்டுபிடிக்கவே பாதி நாள் போய்விடும்.

மற்ற இரண்டும் சின்ன வேலைகள். பட்டன் செல்லை மாற்றுவது. மாற்றும்முன் பயாஸ், ரெய்டு திரைகளை எல்லாம் போனில் போட்டோ எடுத்துக்கொள்வது. அப்புறம், ஒவ்வொரு டிஸ்க்கிலும் 0, 1, 2, 3 என்று அது இருந்த இடத்தின் எண்ணை ஒட்டுவது. டிஸ்க்குகளைக் கழற்றி, நிலைமின்சாரம் தாங்கும் பையில் போட்டு, ஃபோம் சுற்றி, தனியாக மடியில் வைத்துக் கொண்டுபோகலாம். மாடிப்படி குறுகல் என்றால் இது நல்லது. சர்வரின் எடையும் குறையும். குட்டி யானை வேண்டாம், காரின் பின்சீட் போதும். சர்வரைப் படுக்கவைத்து பெல்ட் போட்டுவிடலாம். ஏசி அறையிலிருந்து எடுத்துப் போகிறீர்கள் என்றால் புது இடத்தில் உடனே பிளக்கைச் செருகாதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் வெளிக்காற்றின் ஈரம் படியும். ஒரு மணி நேரமாவது அறையின் சூட்டுக்கு வரட்டும்.

இத்தனையும் செய்தாலும் இந்த வழியில் ஒரு குறை தீரவே தீராது. திங்கள் காலை ஒன்பது மணிக்கு அந்த ஒரே மெஷின் எழுந்தால்தான் கடை. அதற்கு மாற்று எதுவும் கிடையாது.

அங்கேயே விட்டுவிட்டால்?

முதலாளியின் மகன் சொன்னது இரண்டாவது வழி. சர்வரைத் தொடவே வேண்டாம், பழைய அறைக்கு வாடகை கொடுத்துக்கொண்டு, சத்துவாச்சாரியிலிருந்து இன்டர்நெட் வழியாக அதைப் பயன்படுத்தலாம் என்றார். கேட்க நன்றாக இருந்தது, ஒரு கணக்கில் நியாயமும் இருந்தது. மருந்து மொத்த விற்பனைக்கான 20பி, 21பி உரிமங்கள் கட்டடத்தைச் சார்ந்தவை. புது இடத்துக்கு உரிமம் கைக்கு வரும்வரை சரக்கும் பில்லும் பழைய இடத்தில்தான் நடக்க வேண்டும். பால் காய்ச்ச முகூர்த்த நாள் பார்த்தாகிவிட்டது. உரிமம் என்றைக்கு வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆக, சில வாரங்களுக்கு இரண்டு இடமும் ஓடித்தான் ஆக வேண்டும்.

ஆனால் இதை நிரந்தர ஏற்பாடாக வைக்க என் மனம் ஒப்பவில்லை. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நான்கு சுவருக்குள் இருக்கும்வரை சமாளிக்கலாம். வெளி உலகத்துக்கு ஒரு கதவைத் திறந்தால் கதையே வேறு. 2017 மே மாதம் வானாக்ரை உலகம் முழுக்கப் பரவி ஃபைல்களைப் பூட்டிப்போட்டு பணம் கேட்டதே, அது நுழைந்தது பழைய விண்டோஸில் அப்டேட் போடாமல் விட்ட ஓட்டை வழியாகத்தான். ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டு நேராக இணைப்பதை நான் யாருக்கும் செய்து கொடுப்பதில்லை. விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை போட்டுத்தான் இணைக்க வேண்டும். அப்படி இணைத்தாலும், ஒரே கட்டடத்து கேபிளுக்காக எழுதிய பில்லிங் சாஃப்ட்வேர் தூரத்து லைனில் நொண்டும். அங்கிருக்கும் கணினியின் திரையை இங்கே காட்டும் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து வேலை செய்தால் ஓரளவு ஓடும். ஃபாக்ஸ்புரோ காலத்து சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் வகை அது. நடுவில் லைன் அறுந்தால் ஃபைலே கெட்டுவிடும்.

யாரும் உட்காராத அறையில் ஏசி நின்றுபோனால் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். மகன் அதன்பிறகு வற்புறுத்தவில்லை.

கிளவுட், அதாவது இன்டர்நெட் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வர் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. சென்னையிலேயே மைக்ரோசாஃப்ட் அஷூரின் தரவு மையம் இருக்கிறது, தூரம் ஒரு பிரச்சினை இல்லை. புதிதாக ஆரம்பிக்கும் கடை என்றால் நானே அதைச் சொல்லியிருப்பேன். பழைய சாஃப்ட்வேரை அப்படியே தூக்கி அங்கே வைத்தால் மாதாமாதம் வாடகையும் கட்டி, நெட் போகும்போதெல்லாம் பில்லையும் நிறுத்த வேண்டியிருக்கும். நொடிக்கு 20 எம்பிட் ஏற்றும் லைனில் 500 ஜிபி ஏறி முடியவே இரண்டு நாளுக்கு மேல் ஆகும். சாஃப்ட்வேரை மாற்றும் நாளில் கிளவுடையும் சேர்த்து யோசிக்கலாம் என்று விட்டுவிட்டோம். சர்வர் மாற்றித் தருவதற்கென்றே இருக்கும் கம்பெனிகளையும் விசாரித்தோம். அவர்கள் பத்திரமாகத் தூக்கித் தருவார்கள், இன்சூரன்ஸும் உண்டு. ஆறிய டிஸ்க் எழாமல் போனால் இன்சூரன்ஸ் பணம் பில்லைத் திருப்பித் தராது.

வேலையை முதலில் மாற்றுவது

நான் வாதாடியது இந்த வழிக்காகத்தான். ஒரு புது சர்வர் வாங்கி, பழைய சர்வரின் முழுப் பிரதியை எடுத்து, புதியதற்குள் விர்ச்சுவல் மெஷினாக, அதாவது கணினிக்குள் ஒரு கணினியாக, ஓட்டுவது. பழையது இருந்த இடத்திலேயே, ஆன் ஆகியே இருக்கும். புதியதில் எல்லாம் சரி என்று கண்ணால் பார்த்த பிறகுதான் பழையதன் சுவிட்சில் கை வைப்போம். அதற்குப் பிறகு பழைய மெஷின் வண்டியில் போகட்டும், ஆட்டோவில் போகட்டும், போகாமலே இருக்கட்டும், வியாபாரத்துக்கு ஒன்றும் ஆகாது.

ஒரு லட்சத்துக்கு மேல் செலவு. முதலாளி முகம் சுளித்தது நியாயம்தான். கட்டடம் கட்டி முடித்த கையில் அது கனமான தொகை. ஆனால் இந்த வகை டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பவர்களே கொடுப்பது பொதுவாக 5 வருஷ உத்தரவாதம். அதைத் தாண்டி எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. இடம் மாறினாலும் மாறாவிட்டாலும் வரப்போகிற செலவு இது. நாம் செய்வது அதை நமக்கு வசதியான மாதத்தில் செய்வது. அதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “சரி, வாங்கிடு” என்றார்.

இந்த வழியிலும் முட்கள் உண்டு. பிரதி எடுக்க மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் டிஸ்க்2விஎச்டி என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் டிஸ்க்கை ஒரு பெரிய ஃபைலாக எடுத்துத் தந்துவிடும். நுட்பம் அதில் இல்லை, உரிமத்தில் இருக்கிறது. சர்வரோடு சேர்த்து வாங்கிய ஓஇஎம் விண்டோஸ் உரிமம் அந்த மெஷினுக்கு மட்டும்தான். பிரதி எடுத்த விண்டோஸை இன்னொரு மெஷினில் ஓட்ட அது செல்லாது. புது சர்வரோடு விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு உரிமம் வாங்கினால் இரண்டு விர்ச்சுவல் மெஷின் ஓட்டலாம், அவற்றில் பழைய பதிப்பைப் போட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. அந்தச் செலவையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யுஎஸ்பி பூட்டு உள்ள சாஃப்ட்வேர் என்றால் இன்னும் கவனம். விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் மென்பொருள்களில், மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வியில் அந்தப் பூட்டை நேராக உள்ளே காட்ட வழியில்லை, விஎம்வேரில் காட்டலாம். எந்த மென்பொருளில் ஓட்டுவது என்பதை அந்தச் சின்னப் பூட்டு தீர்மானித்துவிடும். இந்தக் கடையில் பூட்டு இல்லை, தப்பித்தோம்.

ஆடியில் யாரும் புது இடத்தில் பால் காய்ச்ச மாட்டார்கள் அல்லவா? அந்த மாதம் எங்களுக்கு ஒத்திகைக்குக் கிடைத்தது. புது சர்வரைப் பழைய அறையிலேயே பழையதன் பக்கத்தில் வைத்தோம். தேதியையும் பார்த்துத்தான் குறித்தோம். மாதக் கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதி விற்பனை விவரத்துக்கான ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி வரி கட்டுவதற்கான ஜிஎஸ்டிஆர்-3பி. அதனால் இருபது தாண்டிய ஞாயிறு. பிரதி எடுத்து ஓட்டிப் பார்த்ததில் இரண்டு பிரிண்டர்கள் மட்டும் முரண்டு பிடித்தன. நெட்வொர்க்கில் அவற்றின் எண்ணான ஐபி முகவரியைச் சரிசெய்ததும் வந்துவிட்டன. சனி, ஞாயிறு இரவுகளில் கடை மூடியபின் அன்றைய டேட்டாவை மட்டும் புதியதில் ஏற்றி, இரண்டிலும் ஒரே பாக்கித் தொகை வருகிறதா என்று வாடிக்கையாளர் வாரியாக ஒப்பிட்டோம். வந்தது.

அதன்பிறகுதான் நான் பழைய சர்வரை அணைத்து ஆறவிட்டேன். மூன்று மணி நேரம் கழித்து ஆன் செய்தபோது மூன்றாவது டிஸ்க்கின் விளக்கு பச்சையாகாமல் மஞ்சளாகவே நின்றது. முதலாளி பக்கத்தில் நின்று பார்த்தார். ஆம்பூரில் என் கைகள் எப்படி நடுங்கின என்று எனக்கு ஞாபகம் வந்தது. இந்தத் தடவை நடுங்கவில்லை. பில்லிங் பையன் பக்கத்துத் திரையில் தன் பாட்டுக்கு பில் போட்டுக்கொண்டிருந்தான்.

கையில் பணமே இல்லை என்பவர்களுக்கு நடுவில் ஒரு வழி உண்டு. கொஞ்சம் நல்ல மேஜைக் கணினி ஒன்றில், 16 ஜிபி ராமும் புது எஸ்எஸ்டியும் போட்டு, பழைய சர்வரின் பேக்கப்பை அதில் எழுப்பிப் பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு முதல் வழியில் போவது. அதை வருஷக்கணக்காக நம்ப முடியாது. ஆனால் திங்கள் காலை பழையது எழாவிட்டால் ஒரு வாரம் தாங்கும். அந்த ஒரு வாரம்தான் வேண்டியது.

போய்ச் சேரும் அறை

எந்த வழியில் போனாலும் அறை சரியில்லை என்றால் வீண். சத்துவாச்சாரி கட்டடத்தில் சர்வருக்கு என்று ஒதுக்கியிருந்தது மொட்டை மாடிக்குக் கீழே, மேற்குச் சுவரை ஒட்டிய மூலை. அக்னி நட்சத்திர வெயிலில் அந்தச் சுவரைத் தொட முடியாது. சர்வருக்கு 18 முதல் 27 டிகிரி வரை நல்லது. வேலூரில் மே மாதம் வெளியே 40-ஐத் தாண்டும். முதல் மாடியில் வடக்குப் பக்கம் மாற்றச் சொன்னேன். தரைத்தளமும் வேண்டாம் என்றேன். பாலாறு வறண்டே கிடக்கும் என்று நம்பியிருந்த நமக்கு 2021 நவம்பரில் வந்த வெள்ளம் மறந்திருக்காது. சத்துவாச்சாரியில் ஆறே வர வேண்டியதில்லை, ஒரு பெருமழைக்கு வாய்க்கால் அடைத்தாலே போதும்.

எலக்ட்ரீஷியனிடம் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் அளந்து காட்டச் சொன்னோம். முதலில் 9 வோல்ட் காட்டியது. 3-க்குள் இருந்தால்தான் நான் சர்வரை மாட்டுவேன். எர்த் குழியைச் சரிசெய்து, மறுபடி அளந்து 2-க்கு வந்த பிறகுதான் யுபிஎஸ்ஸே உள்ளே போனது. நெட் கொடுத்தவர்கள் வைத்த ரவுட்டர் வேறு வரிசை ஐபி கொடுத்துக்கொண்டிருந்தது. பதினோரு கணினியையும் மாற்றுவதைவிட ரவுட்டரை மாற்றுவது சுலபம், அதைப் பழைய கடையின் வரிசைக்கே கொண்டுவந்தோம்.

உரிமம் வந்த வாரத்தின் ஞாயிறு, விடியற்காலை, லாங் பஜாரில் லோடு வண்டிகள் வந்து அடைக்கும்முன் புது சர்வரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். ஒன்பது மணிக்கு ஆன் ஆனது, பத்து மணிக்கு முதல் பில். பழையது அப்போதும் சந்துக் கடையில் மூன்று டிஸ்க்கோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் அப்படியே விட்டோம்.

இப்போது அதுவும் சத்துவாச்சாரிக்கு வந்துவிட்டது, கரண்ட் இல்லாமல், ஸ்டோர் ரூமில். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பிரதி இருக்கிறது என்றாலும், டிஸ்க்குகளை உடனே அழிக்க வேண்டாம் என்று எண் ஒட்டிய பைகளில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறோம். ஆயுத பூஜைக்கு அந்தக் காலி டப்பாவுக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்று முதலாளி இப்போதே சொல்லிவிட்டார்.